நாத்தனாருக்கு எதிர் நாற்காலி

உனக்குக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது என்னைக் கேட்டால் ரயில்வே கேட்டிலிருந்து என்றுதான் சொல்வேன். கொருக்குப்பேட்டையில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். காலையில் எழுந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, சோற்றைக் கட்டிக்கொண்டு, புடவைக்கு ஊக்கு குத்தி, நேரத்துக்குக் கிளம்பி வந்தால் கேட் மூடியிருக்கும். ஒரு கூட்ஸ் வண்டி போகும். கேட் திறக்காது. இன்னொன்று வந்து நடுவில் நின்றுகொள்ளும். நிற்கிற ரயிலைப் பார்த்து ஹாரன் அடிக்கிறவன் ஒருத்தன் எனக்குப் பின்னால் கண்டிப்பாக இருப்பான். ரயில் என்ன, ஒதுங்கி வழி விடவா போகிறது? திரும்பி நாலு வார்த்தை கேட்பேன். அவன் ரெண்டு சொல்வான். கேட் திறப்பதற்குள் அன்றைய நாள் எனக்குக் கெட்டுவிடும்.

அப்புறம் கடை. திருவொற்றியூரில் ஒரு மளிகைக் கடையில் பில் போடுகிறேன். மொத்தமும் உண்டு, சில்லறையும் உண்டு. முதலாளி அண்ணாச்சி தெற்கத்திக்காரர், பொறுமைசாலி. என்னை வேலைக்கு வைத்திருப்பதிலிருந்தே அது தெரியும். ஒரு பொம்பளை புளியை மூக்கில் வைத்து மோந்துவிட்டுத் திருப்பிப் போட்டாள் என்று நான் கத்தியபோது அவர் சொன்னார்: “தாயி, நீ பில்ல போட்டாப் போதும். சண்டைய நான் போட்டுக்கிடுதேன்.” கடையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தால் வீட்டு நடுவில் என் நாத்தனார் கேரம் போர்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் வீட்டில் ஒரு ஹால், அதன் ஓரத்தில் சமையல், உள்ளே ஒரு அறை. போர்டு போட்டால் ஹாலில் வேறு எதுவும் நடக்காது. அதைச் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும் என்பாள். ஆகவே அது கிடந்தபடியே கிடக்கும். சோறு தின்பது, துணி மடிப்பது எல்லாம் அதைச் சுற்றித்தான். பவுடர் பறந்து என் தாளிப்பு டப்பாவில் விழும். தரை வழுக்கும். “இன்னாமே இது, வூடா, கிளப்பா?” என்று நான் கேட்பேன். அவள் பதில் சொல்ல மாட்டாள். அதுதான் எனக்குத் தாங்காது.

எங்கள் இரண்டு பேருக்கும் கோபம் உண்டு. என்னுடையது வாயில் வரும், வந்த வேகத்தில் போயும் விடும். சோறு ஆறுவதற்குள் எதற்குக் கத்தினேன் என்பதே மறந்திருக்கும். அவளுடையது வாயில் வராது. கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வாள். கட்டை விரலை ஆள்காட்டி விரலின் மேல் வைத்துத் தேய்ப்பாள். தேய்த்துக்கொண்டே இருப்பாள். தேய்ப்பது நின்றதும் விருட்டென்று எழுவாள், ஏதாவது ஒன்று தரையில் உருளும். டம்ளர் உருண்டிருக்கிறது, டிவி ரிமோட் உருண்டிருக்கிறது, ஒரு தடவை என் தோசைத் திருப்பி ஜன்னல் வழியாகக் கீழே போய்விட்டது. கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். உதடு மடிந்தால் நான் பாத்திரங்களை உள்ளே எடுத்து வைத்துவிடுவேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போர்டு முன்னால் உட்கார்ந்தால் அவள் வேறு ஆள். பகலெல்லாம் ராயபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றபடியே வேலை. கால் வீங்கி வருவாள். வந்து ஸ்ட்ரைக்கரைக் கையில் எடுத்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசாங்க வேலை. அதுதான் அவள் கனவு. அதற்கு மாநிலப் போட்டியில் ஆடியதாகச் சான்று வேண்டும். மாவட்டம் வரை பல தடவை போயிருக்கிறாள், அதற்கு மேல் போனதில்லை. வயது வரம்பு அவளுக்கு அந்த வருஷத்தோடு முடிந்தது. ஒற்றையர் ஆட்டத்தில் முதல் சுற்றிலேயே போய்விட்டாள். மிச்சமிருந்தது இரட்டையர் மட்டும்தான். அதில் இறுதிக்கு வருகிற இரண்டு ஜோடிகளும் மாநிலத்துக்குப் போகலாம். அந்த நேரம் பார்த்து அவளுடைய ஜோடிக்கு மஞ்சள் காமாலை.

பேர் கொடுக்கக் கடைசி நாள். அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்திருந்தார்கள். உதடு மடிந்தது. நான் பாத்திரங்களை எடுத்து வைத்தேன். வீட்டுக்காரர் ட்ரெய்லர் ஓட்டுகிறார். அன்றைக்கும் ஹார்பர் க்யூவில் வண்டியோடு நின்றிருந்தார். போனில் விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “நீ உக்காரேன்மே. ஸ்கூல்ல கப்பு வாங்குனவ தானே.” அப்புறம் அவரே சிரித்தார். நாங்கள் இருவரும் ஒரு பக்கம் ஆடினால் எதிராளிகள் சும்மா உட்கார்ந்திருந்தாலே ஜெயித்துவிடுவார்கள் என்றார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஆசையாக இருந்தது! பள்ளிக்கூடத்தில் நான் நன்றாக ஆடுவேன். அதை வீட்டில் யாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்றே நினைக்கவில்லை. நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்ட்ரைக்கரை என் பக்கம் தள்ளினாள். “வாய் பேசக் கூடாது, அண்ணி” என்றாள். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி பக்கத்தில் உட்காருவதில்லை, எதிரெதிராக உட்கார வேண்டும். இடப் பக்கமும் வலப் பக்கமும் எதிராளிகள். ஜோடியோடு பேசக் கூடாது, கண்ணால் ஜாடை காட்டக் கூடாது, நாற்காலியை நகர்த்தக் கூடாது, அம்பயரைக் கேட்காமல் எழுந்திருக்கக் கூடாது. யோசித்துப் பாருங்கள். உலகத்தில் யாரோடு எனக்கு அதிகமாகச் சண்டையோ அவள் மூஞ்சியை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, அவள் காயை விடுவதையும் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். இந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவருக்கு நிச்சயம் ஒரு நாத்தனார் இருந்திருக்க வேண்டும்.

பயிற்சி ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. கேட் சீக்கிரம் திறந்து, கடையிலும் வம்பில்லாமல் வந்த நாளில் என் முதல் அடி நேராகப் போகும். கேட்டில் மாட்டி, பஸ்ஸில் மிதிபட்டு வந்த நாளில் அதே காய், அதே இடம், விரலோ கட்டையாக இருக்கும். எனக்குக் கோபம் இருப்பதாகவே எனக்குத் தெரியாது. சிரித்துப் பேசிக்கொண்டுதான் உட்காருவேன். விரல் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்று ஸ்ட்ரைக்கர் வேகமாகப் பாயும், இல்லாவிட்டால் பாதியில் நிற்கும். நாத்தனார் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். முதல் அடியைப் பார்த்ததும், “கேட்டு மூடிக்கீதா இன்னிக்கி?” என்று கேட்பாள். எப்படித் தெரியும் என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

அப்போதுதான் புரிந்தது, நான் இத்தனை நாளும் அவளைத் திட்டியதில் பாதி அவளுக்குச் சேர வேண்டியதே இல்லை. ஹாரன் அடித்தவனுக்கும், புளியை மோந்தவளுக்கும், மேலே சாய்ந்து தூங்கிய பஸ் பயணிக்கும் சேர வேண்டியது. அவர்கள் எல்லோரும் போய்விடுகிறார்கள். வீட்டில் இருப்பது இவள். வாங்கிக்கொண்டாள். பதிலுக்கு அவளுக்கும் ஜெராக்ஸ் கடையில் யாரோ இருந்திருப்பார்கள், அந்தக் கணக்கில்தான் என் தோசைத் திருப்பி பறந்திருக்கும்.

கடையில் இதை வைத்து ஒரு வேலை செய்து பார்த்தேன். ஒரு அம்மா போனில் பணம் போட்டுவிட்டேன் என்கிறார். பணம் வந்தால் சொல்லுகிற ஸ்பீக்கர் பெட்டி வாயே திறக்கவில்லை. பின்னால் கூட்டம். அந்தம்மா என்னைத் திருடியைப் பார்ப்பது போலப் பார்த்து, “எத்தினி தபா போட்றது?” என்றார். காது சூடேறியது. கவுண்டருக்குக் கீழே என் விரலைப் பார்த்தேன். இப்போது ஸ்ட்ரைக்கர் கையில் இருந்தால் காய் விழுமா? சத்தியமாக விழாது. சரி, அப்படியானால் இது ஆடுகிற நேரம் இல்லை. பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். குடித்து முடிப்பதற்குள் பெட்டி பணம் வந்தது என்று அறிவித்தது. அந்தம்மா பையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் ஏதோ கப் ஜெயித்த மாதிரி பூரித்துப் போனேன். அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டு உடம்புக்கு ஏதும் சரியில்லையா என்று விசாரித்தார்.

தினமும் இப்படி நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாளே முட்டை உடைந்த விஷயத்தில் ஒரு ஆளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். ஆனால் கத்திக்கொண்டிருக்கும்போதே, ஐயோ, விரல் கட்டையாகிவிட்டதே, சாயங்காலம் காய் விழாதே என்று உள்ளே ஒரு கவலை ஓடியது. அது புதுசு.

போட்டி ராயபுரத்தில் ஒரு சமூகக் கூடத்தில் நடந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆடிய ஆட்டத்தைப் பற்றி இப்போது நினைத்தாலும் என்னால் உட்கார முடியாது. ஜெயித்தோம், ஜெயித்தோம், மறுபடி ஜெயித்தோம். ஹார்பர் க்யூவிலிருந்து வீட்டுக்காரர் போன் மேல் போன். அவருக்கு முன்னாலும் பின்னாலும் நின்ற ட்ரெய்லர்காரர்கள் எல்லோருக்கும் ஸ்கோர் தெரியும். அடுத்த ஞாயிறு அரை இறுதி. அதை ஜெயித்தால் போதும், இறுதியில் தோற்றாலும் மாநிலம் உறுதி. அந்த வாரம் முழுக்க வீட்டில் சண்டையே வரவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

அரை இறுதி அன்று காலை கேட் மூடியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் முன்னாலேயே கிளம்பியிருந்தோம். நாத்தனார் ஸ்கூட்டி ஓட்டினாள், நான் பின்னால். கூட்ஸ் வண்டி வந்து, நடுவில் நின்றது. நேரம் ஓடுகிறது. தாமதமானால் ஆடாமலே எதிராளிக்கு வெற்றி. பின்னால் பைக்கில் ஒருத்தன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். நானும் எவ்வளவு நேரம்தான் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பது? இறங்கிப் போய், அந்த ஹாரனைக் கழற்றி எஞ்சின் டிரைவர் கையில் கொடுத்துவிட்டு வா, அப்போதாவது அவருக்குக் கேட்கும் என்று சொன்னேன். அவன் வீட்டில் உனக்கு வேலை இல்லையா என்றான். அப்புறம் நடந்த பேச்சை இங்கே எழுத முடியாது. இதற்குள் கேட் திறந்துவிட்டது. எல்லா வண்டியும் கிளம்பிவிட்டது. நான் இன்னும் அவனோடு நிற்கிறேன். ஓடி வந்து ஏறினேன்.

நாத்தனார் திரும்பவில்லை. “இன்னிக்கி ஒரு நாளாச்சும் உன் வாய வூட்ல வெச்சிட்டு வந்திருக்கக் கூடாதா அண்ணி?” என்றாள். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னாள். அது என்னைச் சுட்டுவிட்டது.

கூடத்துக்குள் நுழைந்தபோது எங்கள் பெயரைக் கடைசியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்தோம். எதிராளிகள் புளியந்தோப்பிலிருந்து வந்த அக்கா தங்கை, மணியான ஆட்டக்காரர்கள், சிரித்த முகம். அம்பயர் கண்ணாடி போட்ட நடுத்தர வயது ஆள். ஆரம்பத்திலேயே விதியைச் சொல்லிவிட்டார். பேசினால், எழுந்தால், போர்டைத் தட்டினால் முதல் தடவை எச்சரிக்கை, தண்டமாக நாம் போட்ட காயில் ஒன்று திரும்ப வெளியே வரும். அதே ஆள் இரண்டாம் தடவை செய்தால் ஜோடியே வெளியே. காய் அடுக்கி ஒரு தடவை ஆடி முடித்தால் ஒரு போர்டு, எட்டு போர்டு ஒரு கேம், மூன்று கேமில் இரண்டு எடுத்தவர்களுக்கு மேட்ச்.

முதல் கேமை எப்படி எடுத்தோம் என்று எனக்குத் தெரியாது. நாத்தனார் ஆடினாள், நான் கூட இருந்தேன். இரண்டாவது கேமில்தான் என் கிறுக்குத்தனம். கேரம் ஆடத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்: நடுவில் சிவப்பாக இருக்கிற ரெட்டைப் போட்டு, உடனே ஒரு காயையும் ஃபாலோ போட வேண்டும். ரெட் போர்டில் இருக்கும்போது நம் கடைசிக் காயைப் போட்டால் போர்டு எதிராளிக்குப் போய்விடும். எங்களுக்கு ஒரே ஒரு வெள்ளை மிச்சம், ரெட்டும் இருக்கிறது. எனக்கு முந்தி நாத்தனார் ரெட்டுக்கு அடித்து விட்டுவிட்டாள். விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு ஸ்கூட்டிதான் ஞாபகம் வந்தது. என் வாயை வீட்டில் வைத்துவிட்டு வர வேண்டுமாம். இரு, காட்டுகிறேன். பாக்கெட் வாயில் வெள்ளைக் காய் நின்றது. சுண்டினேன். விழுந்தது. அழகாக விழுந்தது. விழுந்த பிறகுதான் ரெட் என் கண்ணில் பட்டது.

எதிரே பார்த்தேன். உதடு மடிந்திருந்தது. கட்டை விரல் தேய்த்துக்கொண்டிருந்தது. அது நின்றதையும் பார்த்தேன். எனக்குத் தெரியும் அடுத்து என்ன என்று. ஆனால் சொல்ல வழியில்லை. அவள் உள்ளங்கையால் போர்டின் மரச் சட்டத்தை ஓங்கி அறைந்தாள். காய்கள் எகிறின. அம்பயர் கை தூக்கினார். நாத்தனாருக்கு எச்சரிக்கை, தண்டம் ஒரு காய். இன்னொரு தடவை என்றால் வெளியே. அந்தப் போர்டோடு அந்த கேமும் போயிற்று.

மூன்றாவது கேம். எனக்கு அழுகை வந்தது. அவள் சட்டத்தை அறைந்தது அவள் கோபம், ஆனால் அதை ஏற்றிக்கொடுத்தது நான். எனக்கு அதை ஏற்றியது கேட். கேட்டில் நின்றவன் இந்நேரம் வீட்டில் மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இங்கே ஒருத்திக்கு வர வேண்டிய வேலை போகப் போகிறது. அவள் மேல் எனக்கு அப்போது வந்த பிரியத்தை என்னால் சொல்லி முடியாது. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறோம், அவள் வீங்கின காலோடு தினமும் உட்கார்ந்து ஆடுவதைப் பார்க்கிறேன், நன்றாக ஆடினாய் என்று ஒரு நாள் சொன்னதில்லை. விரலைப் பார்த்தேன். மூச்சை விட்டேன். என் முறை வந்தது, அடித்தேன், விழுந்தது. மறுபடி விழுந்தது. கூட்டம் எங்கள் போர்டைச் சுற்றிக் கூடிவிட்டது. அவர்கள் எடுக்க, நாங்கள் எடுக்க, எட்டாவது போர்டு வந்தபோது இரு பக்கமும் சமம். அதுதான் கடைசிப் போர்டு. எடுத்தவர்களுக்கு மேட்ச்.

எங்களுக்கு இரண்டு வெள்ளை, அவர்களுக்கு இரண்டு கறுப்பு, நடுவில் ரெட். நாத்தனார் முறை. மூலையில் ஒட்டிக் கிடந்த வெள்ளையைக் கட்டை விரலால் அடித்துப் போட்டாள். கூடமே ஆவென்றது. அந்த ஆ அடங்குவதற்குள் அம்பயர் ஃபவுல் என்றார். மூலைக்குப் போகிற அம்புக் கோட்டில் அவள் கை பட்டதாம்.

படவில்லை. நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன், என் கண்ணுக்கு நேரே நடந்தது. அவள் கைக்கும் கோட்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. போட்ட காய் திரும்ப வெளியே வந்தது, தண்டமாக இன்னொரு வெள்ளையும் வந்தது. இரண்டு இருந்தது மூன்றாகிவிட்டது.

நாத்தனார் உதட்டை மடித்தாள்.

எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று. கட்டை விரலையே பார்த்தேன். தேய்க்கிறாள். தேய்க்கிறாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. வீட்டில் என்றால் நான் இந்நேரம் டம்ளரை எடுத்து வைத்திருப்பேன். இங்கே எடுத்து வைப்பதற்கு என்ன இருக்கிறது? இவள் எழுந்தால் முடிந்தது. மேட்ச் முடிந்தது, மாநிலம் முடிந்தது, ஜெராக்ஸ் கடையிலேயே நிற்க வேண்டியதுதான். பேசக் கூடாது, ஜாடை காட்டக் கூடாது. தேய்ப்பது மெதுவாகிறது. நிற்கப் போகிறது. அவளுக்குத்தான் எச்சரிக்கை ஆகிவிட்டது. எனக்கு இன்னும் ஆகவில்லை.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் போய் விழுகிற மாதிரி எழுந்தேன்.

“இன்னா சார் இது? கோடு அங்க கீது, அது கை இங்க கீது. நடுவுல ஒரு தண்ணி லாரியே போவும். கண்ணாடிய நல்லா தொட்ச்சிக்கினு வந்து பாரு சார்.”

கூட்டத்தில் குபீரென்று சிரிப்பு. நான் விடவில்லை. காலையில் எழுந்து கேட்டில் நின்று, பல் விளக்கியும் விளக்காததுமாக, சாப்பிடாமல்கூட ஓடி வந்தால் இங்கே ஒரு கோட்டைக் கண்டுபிடித்துச் சொல்கிறாயே என்று ஆரம்பித்து, என் தொண்டையில் இருக்கிற அத்தனையையும் கொட்டினேன். கை ஆட்டினேன், இடுப்பில் முந்தானையைச் செருகினேன். ஆனால் காது சூடாகவே இல்லை. நெஞ்சு படபடக்கவில்லை. கத்திக்கொண்டே ஓரக் கண்ணால் அவள் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோபமே இல்லாமல் கத்துகிறேன்! அது எவ்வளவு சுகமாக இருக்கிறது தெரியுமா? பாவம் அந்த அம்பயர், அவருக்கு அது தெரியாது. அவர் முகம் கறுத்துவிட்டது.

எனக்கு எச்சரிக்கை. தண்டம் இன்னொரு காய். மூன்று நான்காகிவிட்டது. “உக்காருங்கம்மா” என்றார். உடனே உட்கார்ந்தேன். அவரே எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த புளியந்தோப்பு அக்காவிடம் மன்னிப்பு கேட்கிற மாதிரி தலையை ஆட்டினேன். ஆட்டம் மறுபடி ஆரம்பிப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. எதிரே நாத்தனார் வாயைப் பிளந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை விரல் மடியில் கிடந்தது. உதடு விரிந்திருந்தது.

அப்புறம் நடந்ததை வீட்டுக்காரருக்கு நான் சொன்ன வேகத்தில்தான் சொல்ல வரும். அக்கா ஒரு கறுப்பைப் போட்டாள். அவர்களுக்கு ஒன்றுதான் மிச்சம். ரெட்டையும் போட்டாள்! ஃபாலோவுக்கு அந்தக் கடைசிக் கறுப்பை அடித்தாள், அது பாக்கெட் விளிம்பில் ஆடி நின்றுவிட்டது. ரெட் திரும்ப நடுவுக்கு வந்தது. என் முறை. நான்கு வெள்ளை. ஒன்று போட்டேன். இன்னொன்று போட்டேன். மூன்றாவது நூலிழையில் தப்பியது. தங்கை முறை. அவளும் ரெட்டுக்குத்தான் அடிக்க வேண்டும், அடித்தாள், ரெட் சட்டத்தில் பட்டு என் நாத்தனாருக்கு எதிர் மூலையில் போய் நின்றது.

நாத்தனார் ஸ்ட்ரைக்கரை வைத்தாள். கை மரம் மாதிரி அசையாமல் இருந்தது. ரெட் விழுந்தது. ஃபாலோ வெள்ளை விழுந்தது. கடைசி வெள்ளைக்கு அவள் அவசரப்படவில்லை. ஸ்ட்ரைக்கரை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள். ஒரு மூச்சு விட்டாள். சுண்டினாள்.

விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கூட்டம் போட்ட சத்தம்தான் கேட்டது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். அவள் அம்பயருக்குக் கை கொடுத்தாள், அக்கா தங்கைக்குக் கை கொடுத்தாள், எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் வியாசர்பாடிக்காரிகளிடம் நன்றாகத் தோற்றோம். அதைப் பற்றி யாருக்குக் கவலை?

திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் எனக்கு அர்ச்சனை நடந்தது. உனக்கு அறிவு இருக்கிறதா, அந்த ஒரு காயால் மேட்ச் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், நான் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, நீ உட்காரக் கூடாதா, கேட்டில் ஒரு கூத்து, கூடத்தில் ஒரு கூத்து, உன் கோபத்தை அடக்கவே முடியாதா என்று ராயபுரத்திலிருந்து ஆரம்பித்து விடாமல் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியதே இல்லை.

என் காது சூடேறியது. இப்போது நிஜமான கோபம். யாருக்காக எழுந்தேன் என்று இவளுக்குத் தெரியுமா? சொன்னால் என்ன? ஒரு வார்த்தை சொன்னால் வாயடைத்துப் போவாள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் சொன்னால் அவளுக்கு என்ன தெரியும்? நான் எழுந்திருக்காவிட்டால் அவளே எழுந்து எல்லாவற்றையும் கெடுத்திருப்பாள் என்றுதான் தெரியும். ஜெயித்தவள், ஜெயித்தவளாகவே வீட்டுக்குப் போகட்டும். வாயை மூடிக்கொண்டு அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

கேட் அருகே வண்டி மெதுவானது. அவள் திட்டுவதும் மெதுவானது. அப்புறம் தலையை லேசாகத் திருப்பினாள்.

“ஒண்ணு சொல்றேன் அண்ணி, யாராண்டையும் சொல்லாதே. அந்த ஆளு ஃபவுலுன்னதும் போர்ட தூக்கி அவன் தலையிலயே போட்டுடலாம்னு இருந்துச்சி. எழுந்தே இருப்பேன். அதுக்குள்ள நீ எழுந்து கத்துன பாரு, எனக்கு சிரிப்பு வந்துடுச்சி.”

“அப்டியா” என்றேன்.